ஹெல்மெட்

கச்சான் அடிக்கத் தொடங்கிய மறுநாள்
பின்வளவுக் கொட்டிலைத் திறந்தேன்.
தகரம் கொதித்தது.
உள்ளே
பிடி கழன்ற மம்பட்டி,
இறுகிப்போன சிமெந்துப் பை மூன்று,
வெள்ளத்துக்கு யாரோ தந்த நீலப் பரல்,
விற்றுவிட்ட மோட்டார் சைக்கிளின் ஹெல்மெட்.

கணக்குப் போட்டிருந்தேன்:
இந்தப் பக்கம் தையல் மெசின்,
அந்தப் பக்கம் துணி வெட்ட மேசை,
பரலில் துளை போட்டால்
கத்தரிக்குச் சொட்டுத் தண்ணீர்.
மூன்றாம் தவணை தொடங்க முன்
களுவாஞ்சிகுடிக் கடைக்கு
நாற்பது வெள்ளைச் சட்டை.

டிலக்சிதான் கண்டாள்.
"அம்மா, சத்தம் போடாதீங்க."
மல்லாந்த ஹெல்மெட்டுக்குள்
சாமித்தம்பியர் வீட்டுப் புள்ளிக்கோழி.
ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது,
வாடகை கொடுக்காதவளைப் பார்க்கிற மாதிரி.

இருபத்தொரு நாள்.
நாற்பது சட்டையும்
முருங்கைக்குக் கீழேதான் தைத்தேன்.
காற்று நூலை இழுக்கும்,
கொலருக்குள் மணல்,
பூ விழுந்த துணியை உதறி உதறி.
மத்தியானத்தில்
சாக்கை நனைத்துக் கொட்டில் தகரத்தில் போடுவேன்.
தைக்கிறவளுக்கு இல்லாத குளிர்
அதுக்கு.

கடைக்காரர் ஒரு சட்டையைத் திருப்பி அனுப்பினார்:
பொக்கற்றுக்குள் முருங்கைப்பூவையும்
சேர்த்துத் தைத்திருக்கிறேனாம்.

இன்று காலை கொட்டில் காலி.
உடைந்த கோது, கொஞ்சம் இறகு.
ஹெல்மெட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.
மெசினைத் தூக்க ஒரு கை வேணும் என்று
டிலக்சியைக் கூப்பிட்டேன்.
வரவில்லை.
கத்தரிப் பாத்திக்குள் நின்று
பருந்தை விரட்டிக்கொண்டிருந்தாள்,
மம்பட்டிப் பிடியால்.