இல்லாத ரவுண்டானா

சோஹார். இரவு ஒன்றே கால்.
காந்தக் குழலுக்குள் மீராசா படுத்திருக்கிறார்.
அவருடைய சாவி, பெல்ட், பல்லுடைந்த சீப்பு
என் தட்டில்.
பதினோரு வருடமாகக் குப்பூஸ் வேன் ஓட்டுகிறவர்.
மூன்று நாளாக
இடித்துத் தரைமட்டமாக்கிய ஒரு ரவுண்டானாவைச்
சுற்றி வருகிறார் என்று
கூட வந்த ரொபியுல் சொன்னான்,
பாதி இந்தியில், பாதி மலையாளத்தில்,
மிச்சத்தைக் கையால் வட்டம் போட்டு.

அங்கே இப்போது சிக்னல்.
பச்சை விழுந்தால் நேரே போகலாம்.
இவரோ
இல்லாத புல்தரையை,
இல்லாத காபிக் கூஜாச் சிலையை
மரியாதையாக ஒதுக்கி வண்டியை வளைக்கிறார்.
எல்லா ஹாரனும் கேட்கிறது அவருக்கு.
"தெரியுது மேடம். கைதான் மாற மாட்டேங்குது."

படம் விழுகிறது, சாம்பல்மேல் சாம்பல்.
மூளையின் நட்ட நடுவில்
தோளோடு தோளாக இரண்டு பேரீச்சம்பழம்:
தாலமஸ்.
படிக்கிற காலத்தில் இதைத்
தபால் நிலையம் என்றார்கள்.
கண் அனுப்பியதை, காது அனுப்பியதை
முத்திரை குத்தி மேலே தள்ளும்,
பிரித்துப் படிக்காது.
பத்து மதிப்பெண். நானும் எழுதினேன்.

படிக்கும். பதிலும் போடும்.
மேல்மாடி யோசித்ததை வாங்கி
திரும்ப மேல்மாடிக்கே அனுப்பும்,
'இது நேற்றைய உத்தரவு, பார்த்துக்கொள்' என்று
ஓரத்தில் கிறுக்கி.
இந்தச் சத்தத்தை விடு,
அந்த விளக்கைப் பார்.

இடது பழத்தின் உள்விளிம்பில்
மைசூர்ப் பருப்பளவு ஒரு வெள்ளை.
அவ்வளவுதான்.

மறுநாள் டாக்டர் ரஹ்மா சீட்டுகளைப் பரப்பினார்.
முதலில் நிறம் பார்த்துச் சேர்க்க வேண்டும். சேர்த்தார்.
பிறகு சொல்லாமலேயே விதியை மாற்றினார்,
நிறம் இல்லை, எண்ணிக்கை.
ஆறு முறை 'இல்லை' என்றார் டாக்டர்.
ஏழாவது சிவப்பையும் சிவப்பின்மேலேயே வைத்துவிட்டு,
விரலை எடுக்கும் முன்பே
"தப்பு" என்றார் மீராசா.

எங்கள் லாக்கரின் எண்ணை மார்ச்சில் மாற்றினார்கள்.
என் விரல் இன்றைக்கும் பழைய நான்குக்குத்தான் போகிறது.
தொடுவதற்குள் திரும்பிவிடுகிறது,
அரை நொடி இருக்கும்.
அந்த அரை நொடிக்கு யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை,
நானும் அதைக் கவனித்ததில்லை.
கீபோர்டுக்கு அடியில்
ஒப்பந்தம் புதுப்பிக்கும் படிவம் கிடக்கிறது.
ஆம், வேண்டாம், இரண்டு கட்டம்.
ஒன்பது வருடமாக ஆம் போட்டது
நானா, கையா?

ஏழு வாரம் கழித்து மறுபடி வந்தார்கள்.
வேனை ரொபியுல் ஓட்டுகிறான்,
இவர் பக்கத்து இருக்கை.
சீட்டு விளையாட்டில் நான்காவதிலேயே மாறிக்கொண்டாராம்.
ஒருநாள் இரண்டாவதில்.
ஒருநாள் மாறவே இல்லை.

அவர் குழலுக்குள் போனதும்
ரொபியுல் கதவோரம் நின்று கேட்டான்:
தினமும் அந்த சிக்னல் வருமுன்
டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு
ஒரே வார்த்தையைச் சொல்கிறாராம்,
அப்புறம்தான் பச்சையைப் பார்க்கிறாராம்.
"இருந்துச்சு, இருந்துச்சு. அப்படி என்றால் என்ன மேடம்?"

சொன்னேன்.

போகும்போது மேசையில் ஒரு பொட்டலம் வைத்தார் மீராசா.
குப்பூஸ் இன்னும் சூடு. அங்கேயே நின்று தின்றேன்.
கூடவே ஏழெட்டுப் பேரீச்சம்பழம் இருந்தது.
அதை மட்டும்
அடுத்த ஷிப்டுக்கு வைத்துவிட்டேன்.