சாட்சித் திட்டு

பூங்கா வாசலில் வைக்கப்போகும் பலகைக்கு
எண்பது வார்த்தைக்குள் வரலாறு கேட்டிருக்கிறார்கள்.
பொதுப்பணித்துறை இடம் என்பதால் என்னிடம்.
உதவிப் பொறியாளர், ஒரத்தநாடு பிரிவு.
எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம்
நீளம், அகலம், ஆழம்.

எட்டாம் மைல் கேம்ப்.
புது ஆறு வெட்டியபோது போட்டது.
ஐந்து கொட்டகை, செம்மண் சுவர், தகரக் கூரை.
கொட்டகைக்கு அறுபது பேர் என்கிறது மதிப்பீடு.
நூற்றுப்பத்து என்கிறது மஸ்டர் ரோல்.

நெல் விலை பாதியாய் விழுந்த வருஷம்.
களத்தில் இருந்ததையெல்லாம் அளந்து கொடுத்தும்
வட்டி அப்படியே நின்றது.
கடலுக்கு அப்பால் ரப்பரும் விழுந்ததாம்.
பால் வெட்டிய கைகளைக் கப்பல் கப்பலாய்
நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்கள்.
"மண்ணு வெட்டத் தெரியுமா?"
"மரம் வெட்டத் தெரியும்."
"குனி."

பக்கம் பக்கமாய்ப் பெருவிரல்கள்.
தொப்பளான். காத்தமுத்து. செவந்தி.
பேராக்கு உத்திராபதி மட்டும் கையெழுத்து,
வாரத்துக்கு வாரம் ஏதோ ஓர் எழுத்து மாறுகிறது.
ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டரை.
குஞ்சம்மாள் பெயருக்கு எதிரே
ஒன்பது நாள் கோடு,
பத்தாம் நாள் "பிரசவம்",
பதினாலாம் நாள் மறுபடியும் கோடு.

எனக்கு ஒரு வருஷம் விடுப்பு, சம்பளத்தோடு.
அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிட்டேன்.

நாலாம் கொட்டகை மட்டும்
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.
ஏன் என்று கோப்பு சொல்லவில்லை.
வரைபடம் சொல்கிறது:
கிணறு இந்தப் பக்கம்.

தண்ணீர் வந்ததும் ஆட்கள் போனார்கள்.
கொட்டகை அரசாங்கச் சொத்து, நின்றது.
சாரணர் முகாம் நடந்தது, விசில், கொடிக்கம்பம், ரவா உப்புமா.
கொஞ்ச காலம் உர மூட்டை.
கல்லூரிப் பிள்ளைகள் பத்து நாள் வந்து
சுண்ணாம்பில் எழுதிய பொன்மொழி
"மக்கள் சே" வரைக்கும் மிச்சம்.

கஜா அடித்த இரவு நானூறு பேர்.
வெளியே தென்னைகள் விழுந்துகொண்டே இருந்தன.
ஒரு தகரம்கூடப் பறக்கவில்லை என்று
பலகைக்கு எழுத ஆசைதான்.
பறந்தது. இரண்டாம் கொட்டகை முழுவதும்.
எல்லோரும் வாய்க்காலைத் தாண்டி நாலாவதுக்கு ஓடினார்கள்.
அன்று ஒரே அண்டாவில் கஞ்சி.
மூன்றாம் நாள் இரண்டு அண்டா.

எண்பத்து நான்கு வார்த்தை வந்தது.
செயற்பொறியாளர் கிணற்று வரியை அடித்தார்.
"குழந்தைங்க வர்ற இடம்மா."
இப்போது சரியாக எழுபத்தொன்பது.

அந்தக் காலத்தில் குழி வெட்டும்போது
நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு திட்டை
வெட்டாமல் விட்டுவைப்பார்கள்.
தரை முன்பு எங்கே இருந்தது என்பதற்கு
அது சாட்சி.
மேஸ்திரி அதன் தலையிலிருந்து கயிறு விடுவார்,
எவ்வளவு வெட்டினாய் என்று சொல்வார், கூலி தருவார்.
பிறகு அதையும் வெட்டச் சொல்வார்.
அதற்குத் தனிக் கூலி உண்டா?
நாலு ரோல் தேடினேன், பதிவு இல்லை.

நேற்று படகுக் குளத்துக்கு ஜேசிபி வந்தது.
நாலாம் கொட்டகை இருந்த இடம்தான்.
ஓட்டுவது சேலத்துப் பையன், காதில் பாட்டு.
"நடுவுல ஒண்ணு விடு" என்றேன்.
"எதுக்கு மேடம்? படகு இடிக்குமே."
"அளக்கணும்."
"அதான் உங்ககிட்ட மெஷின் இருக்கே."
இருக்கிறது.
சாயங்காலம் வரை சுற்றிச் சுற்றி வெட்டினான்,
திட்டின் தலையில் புல்லும்
ஒரு தும்பைச் செடியும் அப்படியே.

அளவுப் புத்தகத்தில் கழித்து எழுதினேன்:
ஒன்று புள்ளி இரண்டு கன மீட்டர்.
வெட்டப்படவில்லை.
காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் மசி விட்டது.
அதன்மேலேயே கையெழுத்துப் போட்டேன்.