அறுபத்திரண்டாம் கொக்கி

திரியெஸ்தே நகர நாடக அரங்கில்
மேலங்கிகளை வாங்கி மாட்டுவது என் வேலை.
பெயர் நீவெஸ். யாரும் கேட்டதில்லை.
முகங்களைப் பார்க்க நேரமிருக்காது:
போரா காற்று கதவைத் தள்ளிக்கொண்டு வரும்,
அதன் பின்னால் இருநூறு பேர் வருவார்கள்,
முதல் மணி அடிக்க ஆறு நிமிடம் இருக்கும்.

ஆகவே முகர்ந்தே ஆட்களை அறிந்தேன்.
அந்துருண்டை: கப்பல் கம்பெனிக்காரரின் விதவை.
சுருட்டும் ஈரநாயும்: பல் மருத்துவர் கொஸ்ஸுத்தா.
முன்வரிசைப் பெண்களோ
தங்களுக்கு முன்பாகவே படியேறி வந்துவிடுவார்கள்,
மல்லிகையாக, வனிலாவாக, கருகிய சர்க்கரையாக.
அவர்கள் போன பிறகும் அரைமணி நேரம்
என் மேசைமேல் முழங்கை ஊன்றி நிற்கும்
அந்த வாசனைகள்.

அறுபத்திரண்டு அப்படியல்ல.
சாம்பல்நிறக் கம்பளி. பாக்கெட்டில் ஒன்றும் இருக்காது.
மாட்டும்போது கழுத்துப்பட்டை என் கன்னத்தை உரசும்.
அந்த ஒரு நொடி மட்டும்
இஸ்திரி போட்டு ஆறிய துணி,
பேரிக்காய்த் தோல்,
பென்சில் சீவிய மரம்.
சரிதானா என்று திரும்ப முகர்ந்தால்
வெறும் கம்பளி.

பதினோரு குளிர்காலம் இப்படி.
கோர்சோ வீதிக் கடையொன்றில் தேடிக் கண்டுபிடித்தேன்:
மிலானின் ஓர்சென்னி ஆடையகம்,
பட்டன் வெளியே தெரியாத சட்டைகள் தைப்பவர்கள்.
'குவாசி' என்று பெயர்.
ஏறக்குறைய என்று பொருள்.
விற்பனைப் பெண் காகிதப் பட்டையை விசிறிவிட்டு
"இது அவ்வளவாக ஓடாது சிக்னோரா,
காசு கொடுத்தது யாருக்கும் தெரியாதே" என்றாள்.
விலை என் அரைமாதச் சம்பளம்.
பட்டையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.
பஸ் வருவதற்குள் அது காகிதமாகிவிட்டது.

போன ஜனவரியில்
அறுபத்திரண்டு தன் வில்லையைத் தொலைத்துவிட்டது.
விதிப்படி, பாக்கெட்டில் இருப்பதைச் சொல்ல வேண்டும்.
"ஒன்றுமில்லை" என்றாள்.
ஒன்றுமில்லாத பாக்கெட்டுகள் அன்று நாற்பது இருந்தன.
வரிசை முனகத் தொடங்கியது. கெட்டிக்காரத்தனமாய்ச் சொன்னேன்:
"பரவாயில்லை, உங்கள் வாசனை எனக்குத் தெரியும்."

அவள் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.
ஐம்பது வயதிருக்கும். காது நுனிவரை சிவந்துவிட்டது.
"யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன்" என்றாள்.
(எங்கள் ஊர்ப் பேச்சில்
மோப்பதற்கும் கேட்பதற்கும் ஒரே வினைச்சொல்.)
நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராம்.
குற்றவாளிக் கூண்டில் இருப்பவனின் காதோரம் குனிந்து
நீதிபதி சொல்வதையெல்லாம்
அவன் மொழியில் கிசுகிசுக்க வேண்டும்.
"ஆறு வருடம், எட்டு வருடம் என்று சொல்கிறேன்.
அதோடு சேர்ந்து என் வாசனையும்
அவனுக்குள் ஒட்டிக்கொள்ளக் கூடாதில்லையா?"

அடுத்த வாரம் கொக்கியில்
கம்பளி மட்டும் தொங்கியது.
அதற்கடுத்த வாரமும்.
முகர்ந்தால் வாடும் பூ ஒன்று உண்டென்பார்கள்.
இது முகர்ந்ததைச் சொன்னதால் வாடியது.
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் கடைசி. காற்று அடங்கிய இரவு.
கையுறை கழற்றாத வரிசையில்
ஒரு வெறுங்கை வில்லையை நீட்டியது.
உள்ளங்கைச் சூடு இன்னும் இருந்தது அதில்.
இருபதாண்டாய் நான் தொட்ட பித்தளையெல்லாம்
பித்தளை நாற்றம்தான் அடிக்கும்.
இது
பேரிக்காய்த் தோல்,
சீவிய மரம்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு அங்கியை எடுத்தேன்.
"குளிர் விட்டுவிட்டது" என்றேன்.
"ஏறக்குறைய" என்றாள்.