முதலுதவிப் பயிற்சி, பீடோர்

செம்பனை ஆலை கேண்டீனில்
மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுக்
கிடத்தியிருக்கிறார்கள்
கையும் காலும் இல்லாத ரப்பர் மனிதனை.

முப்பது அழுத்து, இரண்டு மூச்சு:
ஈப்போவிலிருந்து வந்த என்சிக் ஹஃபிசுல்
விரல்விட்டுச் சொல்கிறார்.
வாயோடு வாய் என்றதும்
வங்காளதேசப் பையன்கள் தோளில் இடித்துச் சிரிக்கிறார்கள்.
எண்ணெய் ஊறிய பூட்ஸ்களைக் கழற்றிவைத்து
வரிசையில் நிற்கிறோம்.

எடைமேடைக் கிராணி தவமலர்
முழங்காலிட்டாள்.
சத்து, டுவா, தீகா...
முப்பதில் நிறுத்தவில்லை.
நாற்பது. ஐம்பத்தாறு.
ஆலைச் சங்கு ஊதியது,
யாரும் நகரவில்லை.

போன தீபாவளிக்கு முந்தின வாரம்
பாய்லர் அருகே சரிந்த குணாளனுக்கு
லோரி வரும்வரை
நாங்கள் விசிறிக்கொண்டிருந்தோம்,
தொழிற்சங்க நாட்காட்டியால்.

"போதும் காக், ஆள் பிழைத்துவிட்டார்"
என்று ஹஃபிசுல் அவள் மணிக்கட்டைத் தொடாமல் தொட்டார்.

கடைசியில் ஒரு பாரம்.
பயிற்சி பயனுள்ளதா,
ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.
நான் நான்கு போட்டேன், நாசி லெமாக் ஆறிப்போயிருந்ததால்.
தவமலர் எந்த எண்ணையும் தொடவில்லை.
ஓரத்தில் எழுதியிருந்தாள்:
பொம்மையை விட்டுவிட்டுப் போங்கள்.
நைட் ஷிப்டுக்காரர்கள் யாரும் வரவில்லை.