மஞ்சள் கயிறு

வியாழக்கிழமை நாலு மணிக்கு
ஆறாவது மாடியில் துங்கபத்ராவில் கூடுவோம்.
பெல்லந்தூரின் இந்தக் கட்டடத்தில்
அறைக்கெல்லாம் ஆற்றின் பெயர்.
காவேரி மட்டும் கிடையாது.
யோசித்துத்தான் விட்டிருக்கிறார்கள்.

மகளிர் குழு தொடங்கிய வருடம்
ஆளுக்கொரு ரோஜா, ஊதா நிறத்தில் கேக்.
மறு வருடம் பார்கவி ஒரு எக்செல் திறந்தாள்:
கூட்டக் குறிப்பு எழுதியது யார்?
மூன்று மாதத்தில் ஐம்பத்திரண்டு கூட்டம்.
நாற்பத்தேழில் எங்களில் ஒருத்தி.
"உங்க கையெழுத்து அழகா இருக்குமே"
என்பார்கள்,
மடிக்கணினியை எங்கள் பக்கம் நகர்த்தியபடி.

நான் ஓசூரிலிருந்து வருகிறவள்.
அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நிற்கும்போதெல்லாம்
கேட்க வேண்டியதை ஒத்திகை பார்ப்பேன்.
சம்பளம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல
பதினோரு வியாழன் ஆயிற்று.
சொன்னேன்.
நுஸ்ரத் தன் தொகையைச் சொன்னாள்.
லிடியா சொன்னாள்.
பக்கத்து இருக்கை தினகர் ராவ்
கேட்டதும் மறைக்காமல் சொன்னார்.
நல்ல மனிதர்.
சொல்லி முடித்ததும் தன் டீயையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் பாலூட்டும் அறை வந்தது.
அதுவரை லிடியா
கழிப்பறையின் கடைசித் தடுப்புக்குள்
முழங்காலில் பம்பை வைத்துக்கொண்டு
அழைப்பில் "ஆமாம், ஆமாம்" என்பாள்.
இப்போது சாய்வு நாற்காலி, சின்ன ஃப்ரிட்ஜ்,
உள்பக்கம் தாழ்ப்பாள்.
ஒன்பது கடிதம் எழுதி வாங்கிய தாழ்ப்பாள்.

ஒருநாள் ஏழரைக்கே வந்துவிட்டேன்.
ஹுலிகெம்மா ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
கொப்பளத்துக்காரி. பிள்ளைக்கு நாலு மாதம்,
தகரக் கொட்டகையில் நாத்தனாரிடம்.
சீருடையில் மார்புப் பக்கம்
இரண்டு வட்டம் நனைந்திருந்தது.
இங்கேயே உட்காரலாமே என்றேன்,
என் ஓட்டைக் கன்னடத்தில்.
கழுத்தில் தொங்கியதைத் தூக்கிக் காட்டினாள்.

நிரந்தரம் என்றால் நீலக் கயிறு.
ஒப்பந்தம் என்றால் மஞ்சள்.
அவள் அட்டைக்கு அந்தக் கதவு
எட்டு மணிவரை திறக்கும்,
துடைக்க.

மஞ்சள் கயிறு ஏறிய கழுத்து
வாய் திறக்கக் கூடாதென்று
எங்கள் பக்கம் கல்யாணத்தில்தான் சொல்வார்கள்.

அந்த வியாழன் சண்டை.
"இது ஊழியர்களுக்கான குழு.
கிடைச்சதை முதல்ல காப்பாத்திக்கலாம்"
என்றாள் பார்கவி. விதியும் அப்படித்தான்.
"அப்ப அவ யாரு?" என்றாள் நுஸ்ரத்.
ஏசி இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.
குறிப்பு எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
நானே எழுதினேன்.
ஒரு சொல் விடாமல்.

மேலே அனுப்பினோம்.
ஒப்பந்த நிறுவனம் வேறு, காப்பீடு வேறு,
பரிசீலனையில் இருக்கிறது என்று பதில்.
பரிசீலனைக்குத் தெரியுமா
பால் கட்டினால் எப்படிக் காய்ச்சல் வருமென்று.

அதுவரை முறைகேடுதான்.
பத்தரைக்கு நுஸ்ரத்தின் அட்டை,
ஒன்றேகாலுக்கு என்னுடையது,
மூன்றரைக்கு பார்கவி.
ஆமாம், பார்கவியேதான்.
யார் எப்போது கதவு திறப்பதென்று
எக்செல் போட்டதும் அவள்தான்.
கோப்புக்கு 'ஆண்டு விழா' என்று பெயர்.

சம்பளக் கணக்கு இன்னும் எங்கள் கையிலேயே இருக்கிறது.
இரண்டு பேர் பயந்து
தங்கள் வரிசையை அழித்துவிட்டார்கள்.
ஒருத்தி திரும்ப வந்து எழுதினாள்.

அடுத்த வாரம் துங்கபத்ரா கிடைக்காது,
யாரோ பிடித்துவிட்டார்கள்.
ஷராவதிக்கு வா என்று
ஹுலிகெம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.
அவள் ஷிஃப்ட் நாலரைக்கு முடிகிறது.
நாலரைக்கே தொடங்குகிறோம்.