கால் லிட்டர்

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தார்கள்.
திறப்பதற்குள் டேங்கைக் கழற்றிவிட்டான் இதாயத்துல்லா.
பெட்ரோலைத் துணிவைத்து வடித்தான்:
துரு, அப்புறம் ஒரு நெல்.

"இது எப்படிண்ணே உள்ள போச்சு?"

மூடியைத் திறந்து களத்தில் நிறுத்திவிட்டு
நானும் கலைக்கோவனும் கத்திக்கொண்ட சாயங்காலம்.
சொல்லவில்லை.
அன்றைக்குத்தான் வண்டியை எட்டி உதைத்தான்,
போர் குழாய்மேல் போய் விழுந்தது.
என்னை உதைத்திருக்கலாம்.
அண்ணன் என்று பார்த்தானோ என்னவோ.

ஆவி தங்கினால் வெடிக்குமாம்.
தண்ணீரை அளந்து ஊற்றினான்,
எட்டே முக்கால் கொண்டது.
வாஷரைப் பற்றவைத்து இழுக்க இழுக்க
டொக்கென்று பிதுங்கி வந்தது தகரம்.
மறுபடி ஊற்றினான்.
ஒன்பது.

ஆக,
இரண்டு போகம் நாங்கள் பேசாமலிருந்தது
மொத்தமே கால் லிட்டர்.

"மிச்சத்துக்குப் பட்டி பூசிடுறேன், வெளிய தெரியாது."

தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தான்.
காயவைத்தான். பூட்டினான்.
கேனில் இருந்ததை ஊற்றினான்.
மூன்றாவது ரயிலுக்குக் கேட் போட்டுத் திறந்தபோது
உதைத்துப் பார்த்தேன்.
கிளம்பவில்லை. இன்னொன்று. இன்னொன்று.

அவன் காலுக்குத்தான் அது
எப்போதும் முதல் உதையிலேயே கிளம்பும்.