இரண்டாவது சாவி

திபிலிசி. சுரங்கப்பாதையில் சாவிக்கடை.
‘காது கேட்காது, இதில் பேசுங்கள்’
அட்டைக்குக் கீழே தெங்கிஸின் போன்.

இரண்டு சாவி, என்றாள் எதெரி.
திரையில் விழுந்தது: இரண்டு ஆவி.
சிரித்துக்கொண்டே இரு விரல் காட்டினான்.

இயந்திரம் பித்தளையைக் கடித்து அலறியது.
அவள் காதைப் பொத்தினாள்.
அவனுக்கு அது
உள்ளங்கையில் ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.

முதல் சாவி முடிந்து சத்தம் அடங்கியபோது
ஏதோ முனகினாள், தனக்குள்.
எது பேச்சு எது முனகல் என்று
போனுக்குத் தெரியுமா,
எழுதிவிட்டது:
பழக்கதோஷம். இன்னொன்று யாருக்கு,
அவர்தான் போய்விட்டாரே.

தெங்கிஸ் படித்தான்.
வெட்டாத இரண்டாவதை ஆணியில் திரும்ப மாட்டினான்.
சூடாறாத ஒன்றை நீட்டி
ஐந்து லாரி என்று கை விரித்தான்.

ஒன்றுதானே இருக்கிறது
என்று கேட்க வாயெடுத்தாள்.

போன் கவிழ்ந்து கிடந்தது.